ஆணியில் தொங்கும் ஆரஞ்சுக் கண்ணாடி

ஏலே வேலு,

உறையை ஒட்டாமத்தான் அனுப்புறேன். ஒட்டுறதுக்கு நாலு சோத்துப்பருக்கை இல்லாம இல்ல. உன்னைத் திட்டுனப்ப ஊரே கேக்குற மாதிரித் திட்டினேன். ஒங்கப்பாவைத் தூக்குன அன்னைக்குத் தெருவுல அத்தனை பேர் பாக்க, உன் கையில இருந்த கொள்ளிச்சட்டியப் புடுங்கி ஒங்க பெரியப்பா மகன் கையில குடுத்தேன். அப்படிச் செஞ்சவ இந்தக் கடுதாசிய மட்டும் மூடி ஒட்டி ரகசியமா அனுப்புனா அது நாயமில்ல. கொடைக்கானல் பஜார்ல பாய் கடையில குடுத்து விடுறேன். பாய் படிக்கட்டும். கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டாந்து சேக்குறவன் படிக்கட்டும். உனக்கு வரப்போறவளும் படிக்கட்டும். நான் அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவ. எழுத்து வரப்பு மாதிரி வளைஞ்சுதான் போகும். எனக்கு இதை எழுத நாலு நாள் ஆச்சு, நீ படிக்க ஒரு பொழுதாவது எடுத்துக்க.

போன வாரம் நித்யா வந்துச்சு. நீ அனுப்பலைன்னு சொன்னுச்சு, நம்புறேன். உனக்கு அந்த தைரியம் கெடையாது. பழனி வழியா வந்த பஸ்ல கொடைக்கானல்ல இறங்கி, அங்கருந்து நம்ம ஊர் பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கு. யாருன்னு கேட்டேன். வாங்கன்னுகூடச் சொல்லல. "நான் நித்யாங்க அத்தை, உங்க மகனைக் கட்டிக்கப் போறவ. மொதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க, மலை ரோட்டுல ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தவரோட வேட்டி பாழாப்போச்சு, அவர் என்னைத் திட்டக்கூட இல்லைங்க"ன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல வாசல்ல நிக்க வைக்க எனக்கு முடியல. உள்ள வந்து, தட்டு கொண்டாரலைன்னு டிபன் பாக்ஸ் மூடியில வெத்தலை பாக்கு வச்சு, அதுமேல பத்திரிகைய வச்சு நீட்டுச்சு. ஆவணியில பழனியில வச்சுக் கல்யாணம். அச்சடிச்சதுல ஒங்கப்பா பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போட்டிருந்துச்சு. அதைப் பாத்துட்டு நான் வாங்கல. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டே இருந்தேன். அந்தப் புள்ளையும் நீட்டுன கையை மடக்கல.

அப்பத்தான் அது உன்னைப் பத்திச் சொன்னுச்சு. நீ இப்ப டார்ச் லைட்டைக்கூடத் தொடுறதில்லையாம். கரண்ட் போனா அப்படியே இருட்டுல உக்காந்திருக்கியாம். எல்லாத்தையும் வித்துட்டு, தூக்கிப் போட்டுட்டு, ஏதோ மில்லுல மூட்டைக் கணக்குப் பாக்குறியாம். "அது போகட்டுங்க அத்தை. நல்லா சாப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. திடீர்னு கையை நிறுத்திட்டு, 'ஆணியிலதானே தொங்குச்சு? கை எட்டுற தூரந்தானே? எங்கப்பா ஏன் அதை எடுக்கல?'ன்னு கேப்பாருங்க. என்கிட்டக் கேட்டா எனக்கென்னங்க தெரியும்?"ன்னு சொல்லிட்டு அழுதுச்சு. நான் அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திரிச்சுப் போனேன். அடுப்புல பாலே இல்ல. வேலு, அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எனக்கும் ஒங்கப்பாவுக்கும் மட்டுந்தான் தெரியும். அவர் போயிட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. ஆனா நேரா அங்க போனா உனக்கு வெளங்காது. மொதல்ல இருந்து வர்றேன்.

நீ பாய் கடைக்குச் செல்போன் ரிப்பேர் வேலைக்குப் போன ரெண்டாவது வருசம், ஏதோ ஒரு ரிசார்ட்டுல கெட்டுப்போன புரொஜெக்டரைக் கொண்டாந்து பாய்கிட்டப் போட்டுட்டுப் போனாங்க. நீ அதைப் பிரிச்சு உள்ள இருந்து அரிசி மணி கணக்கா என்னமோ எடுத்த. அதுல இருந்துதான் நீலமா ஒரு வெளிச்சத்தை வர வச்ச, லேசர்னு பேரு சொன்ன. நான் பூண்டு விக்க டவுனுக்கு வந்தப்ப பாய் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, ஒங்க மகன் வத்திப்பெட்டி இல்லாம பேப்பரைக் கொளுத்துறான். ஒண்ணு பெரிய ஆளா வருவான், இல்ல என் கடையக் கொளுத்துவான். வீட்லயே வச்சு விளையாடச் சொல்லுங்க"ன்னு சிரிச்சார். அவருக்கு அது பெருமை. எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான். ஆனா உன்கிட்ட என்ன சொன்னேன்? "பீடி பத்த வைக்கவா பாலிடெக்னிக் படிக்க வச்சேன்?"ன்னு கேட்டேன். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போன. எனக்குப் பெருமையா இருந்தா கேலியாத்தான் வாயில வரும். அது என் பொறப்பு. நீ உன் புள்ளைகிட்ட அப்படி இருக்காத.

பின்பக்கம் பூண்டுக்கட்டு தொங்கவிடுற அறையில பாதிய நீ எடுத்துக்கிட்ட. ஏற்கெனவே பொகை புடிச்சுக் கருத்துப் போன சுவரு. அது பத்தாதுன்னு கரியக் கரைச்சுப் பூசின. வெளிச்சம் போய் முட்டுற எடத்துல செங்கல்லை அடுக்கின. கதவுல ஒரு கம்பியக் கட்டி, யாராவது கதவைத் தொறந்தா அது தானா அணைஞ்சு போற மாதிரி வச்ச. ஒங்கப்பா அதைப் பத்துத் தடவை தொறந்து மூடிப் பாத்துட்டு, "ஏலே, இதை நம்ம கோழிக்கூட்டுக்கும் மாட்டு. நரி வந்தா கோழி தானா அணைஞ்சிரட்டும்"னு சொன்னார். நீ கூடச் சிரிச்ச. நீ உள்ள போறதுக்கு முன்னால வாட்சைக் கழட்டுவ, மோதிரத்தைக் கழட்டுவ, இடுப்பு பெல்ட்டைக் கழட்டுவ. பளபளன்னு எது இருந்தாலும் வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி வந்து கண்ணைச் சுட்டுரும்னு சொல்லுவ. ஒரு நாள் நான் காப்பி கொண்டாந்தேன். எவர்சில்வர் டம்ளரை வெளியவே வாங்கி வச்சுட்ட. அப்புறம் என் மூஞ்சியப் பாத்து, "மூக்குத்தியக் கழட்டிட்டு உள்ள வாம்மா"ன்ன. எனக்கு வந்துச்சே கோவம். "அப்புறம் தாலியையும் கழட்டணுமாலே?"ன்னு கேட்டேன். நீ கொஞ்சம்கூட யோசிக்காம, "அதைச் சேலைக்குள்ள போட்டுக்க, அது போதும்"ன்னு சொன்ன. நான் உள்ள வரல. அதுக்கப்புறமும் நீ உள்ள இருக்குறப்ப எப்பவுமே வரல. கழுத்துல மூக்குல கெடக்குறதைக் கழட்டச் சொல்ற எடத்துக்கு ஒரு சுமங்கலி எதுக்கு வரணும்னு வீம்பு.

இப்ப கண்ணாடி விசயத்துக்கு வர்றேன். மொதல்ல நீ செல்போன்ல பாத்து, கண்ணுக்குப் போடுற ஒரு ஆரஞ்சுக் கண்ணாடி வரவழைச்ச. அதைப் போட்டுக்கலை. செங்கல்லுக்கு முன்னால நிறுத்தி வச்சு, கதவைச் சாத்திட்டு வெளிய இருந்தே சுவிட்சைப் போட்டு அதுமேல வெளிச்சத்தை அடிச்சுப் பாத்த. நான் வெளிய பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தேன். நாத்தம் வந்துச்சு. நீ உள்ள போய் அந்தக் கண்ணாடிய எடுத்தாந்து என் முறத்துல போட்டுட்டு, "பாத்தியாம்மா, ஓட்டை"ன்ன. நடுவுல பொத்தல். சுத்தி உருகிக் கெடந்துச்சு. அதைப் பாத்து நான் பயந்து போனேன், வேலு. வெளிய காட்டிக்கல. அடுத்த மாசம் இன்னொரு கண்ணாடி வந்துச்சு. அதுவும் அதே ஆரஞ்சு. கருவியவிட அதுக்குத்தான் அதிகமாக் காசு குடுத்தேன்னு சொன்ன. "ஓட்டையான கலர்லயே மறுபடியும் எதுக்குலே வாங்குற?"ன்னு கேட்டேன். நெசமாத்தான் கேட்டேன். நீ ஸ்க்ரூ திருகிக்கிட்டே, தலையத் தூக்காம, "அது போலி, இது நெசம். உனக்குப் புரியாதும்மா"ன்னு சொன்ன. அதோட அந்தக் கண்ணாடி ஆணியில ஏறுச்சு. நீ வெளிச்சம் போடுறப்ப மட்டும் இறங்கும்.

உனக்குப் புரியாதும்மா. இதை நீ கெட்ட மனசோட சொல்லல. ஆனா இந்த ரெண்டு வார்த்தைய நான் எத்தனை வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியுமா? பேங்குல, ஆசுபத்திரியில, உன் பள்ளிக்கூடத்துல. எல்லாரும் சொன்னதுதான். நீயும் சொன்ன. அன்னைக்கு நீ ஸ்க்ரூவைக் கீழ வச்சுட்டு, நீல வெளிச்சத்தை ஆரஞ்சுதான் தடுக்கும், கருப்பு தடுக்காதும்மான்னு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். மஞ்சத்தூள் கறை எந்தத் துணியில நிக்கும், எதுல நிக்காதுன்னு தெரிஞ்சவளுக்கு இது புரியாதா? இது உன் பங்கு. இதைக் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா உன் பங்கு இவ்வளவுதான். மிச்சம் பூராவும் என்னுது.

மாசி மாசம், பூண்டு பிடுங்க இருபது நாள் கெடந்துச்சு. காட்டுமாடு நாலு, ராத்திரி பகல்னு இல்லாம சோலைக்காட்டுல இருந்து இறங்குச்சு. பூண்டைத் தின்னாது. பக்கத்துல போட்டிருந்த கேரட்டைத் தின்னுட்டு, பூண்டை மிதிச்சே அழிச்சுச்சு. வெடி போட்டுப் பாத்தாச்சு, தகரம் தட்டியாச்சு. டவுன்ல மூடிட்டுப் போன ஒரு கடையில இருந்து பழைய சிடி தட்டுகளை நான்தான் கோணியில அள்ளிட்டு வந்து, காட்டுப் படி ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் கயித்துல கோத்துத் தொங்கவிட்டேன். காத்துல சுத்தி மின்னும், மிரண்டு ஓடும்னு பக்கத்துக் காட்டுக்காரங்க சொன்னாங்க. ஒரு மாடுகூட மிரளல. அப்ப நான் உன்னைக் கேட்டேன்: "இத்தனை நாளா வெளிச்சம் வெளிச்சம்னு உள்ள கெடக்கியே, அதை அடிச்சு நாலு மாட்டை வெரட்டுலே. அதுக்குக்கூட ஆகலைன்னா அது எதுக்கு?" நீ முடியாதுன்ன. "அதுக்கும் கண்ணு இருக்குல்லம்மா. குருடாயிரும்"ன்ன. "நம்ம வயித்துக்கு இல்லையாலே கண்ணு?"ன்னு கத்தினேன். நீ ரூமைப் பூட்டிட்டுப் போயிட்ட. மாட்டுக் கண்ணுக்கு இருந்த எரக்கம் எங்க மேல இல்லையேன்னு அன்னைக்கு உன்னை வெறுத்தேன். நெசமா வெறுத்தேன். பெத்தவ எழுதக் கூடாத வார்த்தை, எழுதிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு நீ மிஞ்சுன கேரட்டை ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெள்ளனே லாரியில போன. போற அவசரத்துல சட்டையை மாத்திப் போட்டுட்டு, பழைய சட்டையத் துவைக்கப் போட்டுட்டுப் போன. அதைத் தண்ணியில முக்குறதுக்கு முன்னால பையத் தடவினேன். ஒரு சின்னச் சாவி. அந்தக் கருவியோட பின்னால நீ மாட்டித் திருகுற சாவின்னு எனக்குத் தெரியும். ரூம் பூட்டுச் சாவி எங்க வைப்பன்னும் தெரியும். சாயங்காலம் ஒங்கப்பா மேல்காட்டுல இருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து, மறுபடியும் நாலும் நிக்குதுன்னார். நான்தான் ரூமைத் தொறந்தேன். நான்தான் கதவுக் கம்பியை அவுத்துட்டு, அந்தக் கருவியைப் பேட்டரியோட எடுத்து அவர் கையில குடுத்தேன். அவர், "அவன் வையுவான்டி"ன்னார். "அவன் வந்து வையட்டும். நாளைக்கு மிதிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது, வெரசாப் போங்க"ன்னு நான்தான் தள்ளினேன். நீ இதுவரைக்கும் அவரா எடுத்தார்னு நெனச்சுக்கிட்டு இருக்க. அவர் உன் சாமான்ல ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்ல.

ஆணியப் பாத்தேன், வேலு. கண்ணாடி தொங்குச்சு. கை எட்டுற தூரந்தான். எடுக்கக் கையையும் நீட்டினேன். நீட்டுனப்ப என் முறத்துல நீ போட்ட அந்த ஓட்டைக் கண்ணாடி ஞாபகம் வந்துருச்சு. அதே கலரு. வெளிச்சம் அதைப் பொத்துக்கிட்டுப் போன ஓட்டைய என் கண்ணால பாத்தவ நான். அது மட்டுமில்ல, அதுல பாத்தா எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. எல்லாம் தெரியுற கண்ணாடி என்னத்தத் தடுக்கும்? வெயில்ல கண்ணு கூசுதேன்னு ஏரிக்கரைக் கடையில நீ ஒங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்த கருப்புக் கண்ணாடி பீரோவுல கெடந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு நாளும் அவர் போட்டதில்ல. அதுதான் நல்ல கருப்பு, அதுதான் தாங்கும்னு எடுத்து நானே அவர் மூஞ்சியில மாட்டிவிட்டேன். ஒங்கப்பா ஆரஞ்சுக் கண்ணாடியைப் பாத்து, "அதுல்ல அவன் போடுவான்?"னு கேட்டார். நான், "அது ஓட்டை விழுற கண்ணாடி. உங்களுக்குப் புரியாது"ன்னேன். ஆமா. அதே வார்த்தைதான். பீரோக் கண்ணாடியில மூஞ்சியப் பாத்துட்டு, "எப்படிடி இருக்கேன்? போட்ல போற டூரிஸ்ட் கணக்கா இல்ல?"ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சு அவர் அவ்வளவு அழகா அதுக்கப்புறம் இருந்ததில்ல.

பனி இறங்கிருச்சு. அந்தப் பனிக்குள்ள அவர் திருகுனதும் நீலமா ஒரு கம்பு நீட்டுன மாதிரி, கையில புடிச்சுரலாம்னு இருக்குற மாதிரி நின்னுச்சு. நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தேன். நீ இத்தனை நாளா இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. ஒங்கப்பா சின்னப் புள்ளை மாதிரிச் சிரிச்சுக்கிட்டே அதை அப்படி இப்படி ஆட்டினார். மாடு தலையத் தூக்கிப் பாத்துச்சு, நகரல. இன்னும் கொஞ்சம் கீழ கொண்டாங்கன்னு நான்தான் சொன்னேன். கீழ கொண்டாந்தார். ஓரத்துல நான் கட்டுன சிடி தட்டு ஒண்ணு காத்துல திரும்புச்சு. எனக்கு ஒரு மின்னல் தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். அவர் கருவியக் கீழ போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டார். "வலிக்கல. உள்ள டப்புன்னு சத்தம் கேட்டுச்சு. உன் மூஞ்சி நடுவுல ஒரு கருப்பு வட்டம் இருக்கு"ன்னார். நான் என் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டேன். அந்த வட்டம் என் மூஞ்சியிலதான் இருக்குன்னு நெனச்சு. மாடு நாலும் மறுபடி குனிஞ்சு மேய ஆரம்பிச்சுச்சு.

மிச்சம் உனக்குத் தெரியும். தெரியாததை மட்டும் சொல்றேன். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுல வச்சுக் கட்டி ஒரு நாள் வீணாக்கினேன். மறுநா நீ வந்து பாத்துட்டுத் தூக்கிக்கிட்டு ஓடுன. மதுரைக் கண்ணாசுபத்திரியில டாக்டரம்மா, ஒரு கண்ணுக்குப் பின்னால இருக்குற திரையில நடுப்பகுதி வெந்துபோச்சு, திரும்ப வராதுன்னாங்க. கருப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்னு அவர் சொன்னப்ப அந்தம்மா நெத்தியில கைய வச்சுக்கிட்டாங்க. கருப்புக்கு உள்ள கண்ணுமணி இன்னும் அகலமா விரியும், வெளிச்சம் இன்னும் நெறையா உள்ள போகும், அதுக்குச் சும்மா இருந்திருக்கலாம்னாங்க. நீ குனிஞ்சு, "ஆரஞ்சு ஆணியிலதானப்பா இருந்துச்சு?"ன்னு கேட்ட. அவர் என்னை ஒரு தடவை பாத்தார். அப்புறம், "கண்ணுல படலய்யா. நான்தான் அவசரத்துல எடுத்தேன், ஒங்கம்மா வீட்ல இல்ல"ன்னு சொன்னார். நீ, "சாவியச் சட்டையில விட்டது என் தப்பு"ன்னு தலையில அடிச்சுக்கிட்ட. அந்த நேரம் நான் வாயைத் தொறந்திருக்கணும். தொறந்தேன். தொறந்து என்ன சொன்னேன்? "இந்தச் சனியனை வீட்டுக்குள்ள கொண்டாந்ததே இவந்தான்"னு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன்.

நீ கோயம்புத்தூருக்குப் போன பெறகு ரெண்டு தடவை ஒங்கப்பா என்கிட்டக் கேட்டார். "அவன்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும். நீ சொன்னா அவன் தாங்கிக்குவான்." மொத தடவை, பூண்டு எடுத்து முடிச்சதும் சொல்றேன்னேன். ரெண்டாவது தடவை, அடுத்த வெதைப்பு முடியட்டும்னேன். அவருக்கு இன்னொரு கண்ணுலயும் பொரை விழுந்திருந்துச்சு. ஆப்பரேசன் பண்ணிக்கலாம்னா, இருக்குற ஒண்ணையும் யார் கையிலயும் குடுக்க மாட்டேன்னு புடிவாதம். ஆடி மாசம், காலையில மடை திருப்பப் போனவரு, பனிக்குள்ள வழியில நின்ன காட்டுமாட்டைப் பாறைன்னு நெனச்சிருக்கார். அவ்வளவு கிட்டப் போயிருக்கார், அது முட்டிருச்சு. நம்ம மலையில பொறந்து வளந்த மனுசன், ஐம்பது அடியில மாட்டு வாசத்தைச் சொல்றவரு. நான் ஓடிப் போய்த் தலைய மடியில வச்சுக்கிட்டப்ப உசுரு இருந்துச்சு. என் மடியிலயே போயிருச்சு.

தெருவுல கொள்ளிச்சட்டிய ஏன் புடுங்கினேன்னு ஊர்ல எல்லாரும் ஒரு காரணம் வச்சிருக்காங்க. புருசன் போன வெறின்னாங்க. அப்பன் கண்ணை அவிச்சவன் கையால வேணாம்னு நானும் கத்தினேன். அது பொய். நீ மொட்டை போட்டு, ஈர வேட்டியோட அந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டு மொத அடி வச்ச. அப்ப உன்னைப் பாத்து எல்லாரும் அழுதாங்க. உன்மேல யாருக்கும் கோவமே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ கொள்ளி வச்சுட்டா குத்தம் உன்கிட்ட இருந்து இறங்கிரும். இறங்கி அது எங்க போகும்? யார் சாவி எடுத்தா, யார் கண்ணாடி மாட்டுனான்னு தேடி என்கிட்டத்தான் வரும். அது உன் தலையிலயே கெடக்கட்டும்னுதான் புடுங்கினேன். சாம்பலும் நெருப்புமா என் கையில கொட்டுச்சு. தழும்பு இன்னும் கெடக்கு. ஒரு கண்ணாடியும் போடாம நெசத்தைப் பாக்குறதுன்னா இப்படித்தான் சுடும்போல.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதல. நீ மன்னிச்சா எனக்கு வெக்கமாத்தான் இருக்கும். அன்னைக்கு உன்னை வெறுத்தேன்னு எழுதினேனே, இப்ப அந்த வெறுப்பு பூரா எடம் மாறி வந்து என்கூடக் குடியிருக்கு. விடியுறதுல இருந்து அதுகூடத்தான் எனக்குச் சோலி. ஆனா உனக்குச் சொல்ல ரெண்டு விசயம் இருக்கு. டார்ச்சைக்கூடத் தொடாம இருட்டுல உக்காந்திருக்கியே, அது பிராயச்சித்தம் இல்ல. நீ செஞ்சது ஒண்ணும் தப்பான சோலி இல்ல. கரி பூசி, செங்கல் அடுக்கி, கதவுக்குக் கம்பி கட்டி, மோதிரம் கழட்டி, போலிக் கண்ணாடியச் சுட்டுப் பாத்துத் தூக்கிப் போட்டு, எவ்வளவு பாதுகாப்பா வச்சிருந்த. ஒண்ணே ஒண்ணை விட்டுட்ட. அந்த வீட்ல கூட இருக்குறவங்களுக்கும் வெவரம் தெரியணும்குறதை விட்டுட்ட. மறுபடி தொட்டா, சாவிய அரைஞாண் கயித்துல கோத்துக்க. கண்ணாடி ரெண்டா வாங்கு. ஒண்ணு நித்யாவுக்கு. ஏன் இந்தக் கலரு, ஏன் கருப்பு கூடாதுன்னு அவளை உக்கார வச்சு, ஸ்க்ரூவைக் கீழ வச்சுட்டு, மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அவ பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் சொல்லு.

பத்திரிகைய வாங்கிட்டேன். அந்தப் புள்ளை பஸ் ஏறப் போறப்ப ஓடிப் போய் வாங்கினேன். கல்யாணத்துக்கு வர்றேனா இல்லையான்னு நீ முடிவு பண்ணு. அதுக்கு முந்தி ஆடியில ஒங்கப்பாவுக்குத் தலைத்திவசம் வருது. பெரியப்பா மகன்கிட்ட வர வேணாம்னு சொல்லிட்டேன், ஏன்னும் சொல்லிட்டேன். எள்ளும் தண்ணியும் நீ வந்து இறைக்கணும். கருப்புக் கண்ணாடிய எடுத்து வச்சிருக்கேன், ஒடைக்கிறதோ பொதைக்கிறதோ உன் இஷ்டம். ஆரஞ்சை நான் தொடல. அதே ஆணியில, தூசி புடிச்சுத் தொங்குது. நீ வந்து எடு. எடுத்து, அந்த ரூமுக்குள்ள ஒரு தடவை அந்த நீலக் கம்பை எனக்குப் போட்டுக் காட்டு. உன்னைக் கேலி பண்ணுனவ, ஒரு நாளும் உள்ள வந்து பாக்கல. இப்ப வந்தா நீ ஒண்ணும் சொல்ல முடியாது. மூக்குத்தி இல்ல, வளையல் இல்ல, சேலைக்குள்ள ஒளிச்சு வைக்கத் தாலியும் இல்ல. மின்னுறதுக்கு என்கிட்ட இனி ஒண்ணும் இல்லய்யா.

அம்மா